கணிதமும் உயிரியலும்: நம் பிள்ளைகளுக்குத் திறந்திருக்கும் ஒரு வாசல்

(ஜமாஅத் கல்விப் பரிசளிப்பு விழாவில் கல்விக் குழுவின் சார்பில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

ஆண்டுதோறும் இம்மேடையில் மதிப்பெண் பட்டியலை வாசிக்கிறோம், பரிசு வழங்குகிறோம், புகைப்படம் எடுத்துக்கொள்கிறோம், கலைகிறோம். இவ்வாண்டு அதற்கு முன்பாக, கல்விக் குழுவினராகிய நாங்கள் எங்களுடைய ஒரு குறையை உங்கள் முன் ஒப்புக்கொள்ள விரும்புகிறோம். அக்குறையிலிருந்தே இவ்வுரையின் பொருள் பிறந்தது.

சென்ற ஆண்டு தேர்வு முடிவுகள் வெளிவந்த சில வாரங்களில், நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு மாணவி தம் தந்தையாருடன் எங்கள் குழுவைத் தேடி வந்தார். தந்தையார் ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் பணிபுரிபவர். மகள் மேல்நிலையில் முதல் குரூப் எடுத்தவர். இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் ஆகிய நான்கையும் பயின்று, கணிதத்திலும் உயிரியலிலும் மிகச் சிறந்த மதிப்பெண் பெற்றிருந்தார். ஆனால் நீட் தேர்வில் மருத்துவ இடம் கிடைக்கும் அளவுக்கு மதிப்பெண் வரவில்லை. “பாய், டாக்டர் படிப்பு கிடைக்கவில்லை. என்ஜினியரிங்கில் பிள்ளைக்கு விருப்பமில்லை. வேறு என்ன இருக்கிறது என்று நீங்கள்தாம் சொல்ல வேண்டும்” என்றார் தந்தையார். மாணவியோ, “எனக்குக் கணக்கை விடவும் மனமில்லை, உயிரியலை விடவும் மனமில்லை” என்று மட்டும் சொன்னார்.

எங்களிடம் விடை இல்லை. ஏதேனும் ஒரு பி.எஸ்ஸி.யில் சேர்த்துவிடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டோம். பின்னர் விசாரித்தபோதுதான், அந்தப் பிள்ளை கேட்ட படிப்பு இந்நாட்டில் உண்டு என்பதும், அதற்கு விண்ணப்பிக்கும் நாள் எப்போதோ கடந்துவிட்டது என்பதும் தெரியவந்தன. பிள்ளையிடம் தகுதி இருந்தது; வழிகாட்ட வேண்டிய எங்களிடம் செய்தி இல்லை. அந்தக் குறை மீண்டும் நேராதிருக்கவே இன்று இதைப் பேசுகிறோம்.

இரண்டு பாடங்களும் எதிரிகள் அல்ல

நம் ஊர்களில் ஒரு பழக்கம் வேரூன்றிவிட்டது. கணிதம் என்றால் என்ஜினியர். உயிரியல் என்றால் டாக்டர். முதல் குரூப் மாணவர் இரண்டாண்டுகள் இரண்டையும் சுமந்து படித்துவிட்டு, பன்னிரண்டாம் வகுப்பின் முடிவில் ஒன்றைக் கீழே இறக்கி வைத்துவிடுகிறார். நீட் தேர்வில் கணிதம் இல்லை. ஜே.இ.இ. தேர்வில் உயிரியல் இல்லை. ஆகவே இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை என்றே பெற்றோர் எண்ணுகின்றனர். அறிவியலின் வரலாறோ வேறு விதமாக இருக்கிறது.

ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் அல்குவாரிஸ்மி எழுதிய கணித நூலின் பெயரிலிருந்தே அல்ஜிப்ரா என்னும் சொல் உலகுக்குக் கிடைத்தது. இன்றைய அல்ஜீரியாவில் உள்ள துறைமுகத்தில் அரபு எண் முறையைக் கற்ற பிசா நகரத்து லியோனார்டோ, 1202ஆம் ஆண்டு தம் நூலில் ஒரு முயல் கணக்கை வைத்தார். ஒரு ஜோடி முயல்கள் மாதந்தோறும் ஒரு ஜோடியை ஈன்று, அவையும் வளர்ந்து ஈன்றுகொண்டே போனால் ஓராண்டில் எத்தனை ஜோடி இருக்கும் என்பது கேள்வி. 377 என்பது அவர் தந்த விடை. உயிர்கள் பெருகுவதைக் கணக்கால் பிடிக்க முயன்ற பழைய முயற்சிகளுள் அதுவும் ஒன்று.

அடுத்த சான்று நம் நாட்டிலேயே நிகழ்ந்தது. 1897இல் செகந்திராபாத்தில் பணியாற்றிய ரொனால்டு ராஸ் என்னும் மருத்துவர், கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். 1902இல் நோபல் பரிசு பெற்றார். அத்தோடு அவர் நிற்கவில்லை. எல்லாக் கொசுக்களையும் ஒழிக்க இயலாது. அப்படியானால் எத்தனை குறைத்தால் போதும் என்று கணக்கிட்டார். ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே கொசுக்களைக் குறைத்துவிட்டாலே நோய் தானாகத் தேய்ந்துவிடும் என்று சமன்பாட்டின் வழியே காட்டினார். அவரைப் பின்பற்றிய மெக்கென்ட்ரிக் என்பவரும் இந்திய மருத்துவப் பணியில் இருந்த மருத்துவரே. கசௌலியில் உள்ள பாஸ்டர் நிலையத்தின் பொறுப்பில் இருந்தவர். அவரும், ஆய்வுக்கூட விபத்தில் பார்வையிழந்த கெர்மாக் என்னும் வேதியியலாளரும் சேர்ந்து 1927இல் வெளியிட்ட கட்டுரையில், 1905–06இல் பம்பாயில் பிளேக் நோயால் நேர்ந்த மரணங்களின் கணக்கு சான்றாக வைக்கப்பட்டது. இன்றளவும் உலகெங்கும் தொற்றுநோய்க் கணிப்புக்கு அக்கட்டுரையே அடித்தளமாக இருக்கிறது.

அந்தக் கணிதம் நமக்குப் புரியாத ஒன்றன்று. ஒரு நோயாளி சராசரியாக மூவருக்கு நோயைக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அம்மூவரில் இருவருக்கு ஏற்கனவே எதிர்ப்புச் சக்தி இருந்தால், ஒருவருக்குத்தான் நோய் செல்லும். ஒன்றுக்கு ஒன்று என்னும் நிலையில் நோய் பெருகாமல் நிற்கும். மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோருக்கு எதிர்ப்புச் சக்தி இருந்தால் நோய் தேயத் தொடங்கும். தட்டம்மை போல ஒருவரிடமிருந்து பன்னிரண்டு பேருக்கும் மேல் பரவக்கூடிய நோயானால், நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டாக வேண்டும். 2020இல் பள்ளிவாசல்களை மூடி, ரமளானின் தராவீஹ் தொழுகையை வீடுகளிலேயே தொழுதோமே, அம்முடிவுகளுக்குப் பின்னாலும் இத்தகைய கணக்குகள் இருந்தன. அன்று நாம் கட்டுப்பட்டோம். ஆனால் அந்தக் கணக்கைப் போடத் தெரிந்த பிள்ளை நம் மஹல்லாவில் ஒருவர்கூட இல்லை.

வேலூரிலும் இப்பணி நடந்திருக்கிறது. வேலூர் நகரின் ஏழை எளியோர் வாழும் பகுதிகளில் பிறந்த 373 குழந்தைகளை மூன்றாண்டுகள் தொடர்ந்து கண்காணித்து, ரோட்டா வைரஸ் எனும் வயிற்றுப்போக்குக் கிருமி அவர்களை எத்தனை முறை தாக்குகிறது, ஒவ்வொரு தாக்குதலுக்குப் பின்னும் எதிர்ப்பு எவ்வளவு கூடுகிறது என்று கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் கணக்கிட்டனர். மூன்று முறை தாக்கிய பின்னரும் கடுமையான நோயிலிருந்து 79 சதவீதப் பாதுகாப்பே கிடைத்தது என்று 2011இல் அவர்கள் வெளியிட்டனர். அக்குழந்தைகளின் தாய்மார்கள் பொறுமையோடு தந்த விவரங்கள், மருத்துவர்களின் உழைப்பு, புள்ளியியலாரின் கணக்கு ஆகிய மூன்றும் சேர்ந்ததால் விளைந்த அறிவு அது. இந்தியாவில் உருவான ரோட்டா தடுப்பு மருந்தின் சோதனை நடந்த மூன்று இடங்களுள் வேலூரும் ஒன்று. 2016 முதல் அம்மருந்து அரசின் தடுப்பூசித் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. இப்பணியில் முன்னின்ற டாக்டர் ககன்தீப் காங் அவர்கள் 2019இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஒரு பெண்மணி வேலூரிலிருந்தே உலகறிந்த ஆராய்ச்சியைச் செய்ய முடிந்தது என்பதைத் திரைக்கு அப்பால் இருக்கும் சகோதரிகள் கருத்தில் கொள்ள வேண்டுகிறோம்.

நாம் கையாண்ட தோலும் அதற்குள் இருந்த கணக்கும்

இனி நம் தொழிலுக்கு வருவோம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை என்று இப்பாலாற்றங்கரை முழுவதையும் தலைமுறை தலைமுறையாக வாழவைத்தது தோல். ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட காலத்தையும், டிரம்மில் குரோம் போட்டுப் பதனிடும் காலத்தையும் நாம் கண்டிருக்கிறோம். ஆனால் தோல் என்பது எதனால் ஆனது என்ற கேள்விக்கு விடை கண்டவர் யார்?

தோலின் பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரதம். நம் உடலின் தோல், எலும்பு, தசைநாண் ஆகியவற்றையும் தாங்கி நிற்பது அதுவே. அதன் உள்ளமைப்பைக் கண்டறிய உலகின் பெரிய ஆய்வுக்கூடங்கள் முயன்றுகொண்டிருந்த வேளையில், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஜி.என். இராமச்சந்திரன் அவர்களும் கோபிநாத் கர்த்தா அவர்களும் அதை ஆராய்ந்தனர். 1948இல் அடையாற்றில் தொடங்கப்பெற்ற மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து அவர்களுக்குக் கொலாஜன் மாதிரிகள் கிடைத்தன. எக்ஸ் கதிர்களைச் செலுத்தி, படத்தில் விழுந்த புள்ளிகளை அளந்து, கணக்கிட்டு, மூன்று இழைகள் ஒன்றையொன்று முறுக்கிய கயிறு போன்றதே கொலாஜன் என்று 1954இல் ‘நேச்சர்’ இதழில் அறிவித்தனர். ஒவ்வோர் இழையிலும் மூன்றாவது இடந்தோறும் கிளைசின் என்னும் மிகச் சிறிய அமினோ அமிலம் வருகிறது. கயிற்றின் நடுவில் இருக்கும் இடுக்கில் வேறெதுவும் பொருந்தாது. பச்சைத் தோல் சுமார் 65 டிகிரி வெப்பத்திலேயே சுருங்கிவிடுகிறது. குரோம் பதனிட்ட தோலோ கொதிநீரையும் தாங்குகிறது. அக்கயிறுகளுக்கு இடையே குரோமியம் பிணைப்புகளை உண்டாக்குவதே காரணம். நம் டேனரிகளில் தோல் துண்டைக் கொதிநீரில் போட்டுப் பார்க்கிறோமே, அச்சோதனையில் நாம் சோதிப்பது அந்தப் பிணைப்புகளைத்தான்.

1963இல் இராமச்சந்திரன், இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகிய மூவரும் இன்னொரு படி மேலே சென்றனர். புரத இழையின் ஒவ்வொரு கண்ணியிலும் திரும்பக்கூடிய இரண்டு மூட்டுகள் உண்டு. கதவின் கீல் போல அவை எந்தெந்தக் கோணத்தில் திரும்பினால் அணுக்கள் ஒன்றோடொன்று மோதாது என்று கணக்கிட்டு ஒரு வரைபடம் வரைந்தனர். ‘இராமச்சந்திரன் வரைபடம்’ என்று உலகெங்கும் உயிர்வேதியியல் மாணவர்கள் பயில்வது அதுவே. அதே பேராசிரியர் 1971இல் இலட்சுமிநாராயணன் என்பவருடன் சேர்ந்து வெளியிட்ட ஒரு கணித முறை, எக்ஸ் கதிர் நிழல்களிலிருந்து உட்படத்தை மீட்டெடுக்கும் வழியைச் சொன்னது. சி.டி. ஸ்கேன் எடுக்கும் கருவிகளின் கணக்கு முறைகளில் அதற்கு முக்கிய இடம் உண்டு.

நாம் சொல்ல விரும்புவது இதுதான். தோலை நாம் எடைபோட்டோம், தரம் பிரித்தோம், ஏற்றுமதி செய்தோம். அதற்குள் இருந்த கணக்கை நம் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லவில்லை. நூறு கிலோமீட்டருக்குச் சற்று அப்பால், நம் தொழிலுக்கென்றே நிறுவப்பட்ட நிலையத்தின் அருகிலேயே, அது கண்டறியப்பட்டது. இன்னும் கண்டறிய வேண்டியவை மிகுதியாக உள்ளன.

ஆற்றுக்கு நாம் பட்ட கடன்

அவற்றுள் சில நம் கடனாகவும் உள்ளன. இதைப் பேசத் தயங்கக் கூடாது. பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீர் கெட்டதற்குத் தோல் கழிவும் காரணம் என்பதை 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 28இல் வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் உரைத்தது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் கோட்பாடு இந்தியச் சட்டத்தில் நிலைபெற்றதில் அத்தீர்ப்புக்குப் பெரும்பங்கு உண்டு. 2025 ஜனவரியிலும் பாலாற்று மாசு குறித்து உச்ச நீதிமன்றம் மீண்டும் தீர்ப்பளித்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன, செலவும் வந்தது, ஆனால் பழைய கழிவின் சுவடு இன்னும் மண்ணிலும் நீரிலும் இருக்கிறது.

இதற்குத் தீர்வு தேடும் ஆராய்ச்சியில் உயிரியலும் கணிதமும் ஒன்றாகவே நிற்கின்றன. நச்சு மிகுந்த அறுவலுக் குரோமியத்தை, நச்சுக் குறைந்த மூவலுக் குரோமியமாக மாற்றும் பாக்டீரியாக்கள் மண்ணில் உண்டு. ஒரு பாக்டீரியா மணிக்கொரு முறை இரட்டித்தால் பத்து மணி நேரத்தில் ஆயிரத்தைத் தாண்டும். ஆனால் குரோமியம் மிகுந்தால் அதுவே அந்தப் பாக்டீரியாவையும் முடக்கும். எவ்வளவு குரோமியத்துக்கு எவ்வளவு பாக்டீரியா, எத்தனை மணி நேரம் என்பது ஒரு சமன்பாடு. டைஃபினைல் கார்பசைடு சேர்த்தால் அறுவலுக் குரோமியம் ஊதா நிறம் காட்டும். அந்நிறத்தின் அடர்த்தியைச் சாதாரணக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் உள்ள கருவியாலேயே அளக்கலாம். ஆசிரியரின் மேற்பார்வையில் நம் ஊர்க் கல்லூரி மாணவர் செய்யக்கூடிய ஆராய்ச்சியே இது.

மயிர் நீக்கும் வேலையையும் எடுத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்புக்கும் சல்ஃபைடுக்கும் பதிலாக நொதிகளைப் பயன்படுத்தும் முறைகளை மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கியிருக்கிறது. நொதி குறைந்தால் மயிர் நிற்கும்; மிகுந்தால் தோலின் மேற்பரப்பே கெடும். ஒரே ஒரு பயணச்சீட்டுச் சாளரம் இருக்கும்போது வரிசை எவ்வளவு நீண்டாலும் சீட்டு வழங்கும் வேகம் ஓர் அளவுக்கு மேல் கூடாதல்லவா? நொதியும் அப்படியே. அந்த வேகத்தின் கணக்கை 1913இல் மைக்கேலிஸ் என்பவரும் மோட் மென்டன் என்னும் பெண் மருத்துவரும் வகுத்தனர். அக்கணக்கு அறிந்தவர் தொழிற்சாலையில் இருந்தால் தோலும் மிஞ்சும், தண்ணீரும் மிஞ்சும்.

எங்கே படிக்கலாம்?

இப்போது, அந்த மாணவிக்கு நாங்கள் சொல்லத் தவறிய விடைக்கு வருகிறோம்.

முதலாவது, பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் கழகம். 1909இல் நிறுவப்பெற்ற அக்கழகம் 2011இல் நான்காண்டு இளநிலைப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. முதல் மூன்று பருவங்களில் எல்லா மாணவரும் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் அனைத்தையும் பயில வேண்டும். பொறியியலும் மனிதவியலும்கூட உண்டு. அதன்பின்னரே முதன்மைப் பாடத்தைத் தெரிவு செய்கின்றனர். கணிதத்தை முதன்மையாகக் கொண்டு உயிரியலைத் துணையாகவும், அல்லது மறுதலையாகவும் எடுக்கலாம். நான்காம் ஆண்டு பெரிதும் ஆராய்ச்சிக்கே உரியது.

இரண்டாவது, ஐசர் எனப்படும் இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனங்கள். 2006இல் பூனாவிலும் கொல்கத்தாவிலும் தொடங்கி, மொகாலி, போபால், திருவனந்தபுரம், திருப்பதி, பெர்ஹாம்பூர் என ஏழு இடங்களில் உள்ளன. 2015இல் தொடங்கிய திருப்பதி நிறுவனம் நமக்கு மிக அருகில், சித்தூர் வழியாகச் சில மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. ஐந்தாண்டு பி.எஸ்.–எம்.எஸ். படிப்பில் தொடக்க ஆண்டுகளில் எல்லா அறிவியலும் பொது, இறுதியாண்டு ஆராய்ச்சி.

இந்நிறுவனங்களின் நுழைவுத் தேர்வைப் பெற்றோர் கவனிக்க வேண்டுகிறோம். ஐ.ஏ.டி. எனப்படும் அத்தேர்வில் உயிரியல், வேதியியல், கணிதம், இயற்பியல் ஒவ்வொன்றிலும் 15 வினாக்கள் வீதம் 60 வினாக்கள். அதாவது, முதல் குரூப்பில் நான்கையும் பழுதறப் படித்த பிள்ளைக்கு, படித்ததில் எதுவும் வீணாகாத தேர்வு அது. பெங்களூர்க் கழகமும் இத்தேர்வு மதிப்பெண்ணை ஏற்கிறது. இவை மத்திய நிறுவனங்கள் என்பதால், நம் மாநிலத்துச் சாதிச் சான்றிதழ் மட்டும் போதாது. தகுதியுள்ளோர் மத்திய அரசுக்குரிய ஓ.பி.சி. சான்றிதழை முன்கூட்டியே பெற்று வைக்க வேண்டும். 2008இல் தொடங்கிய இன்ஸ்பயர் திட்டத்தின் கீழ், இயற்கை அறிவியல் பயிலும் தகுதியுள்ள மாணவர்கள் ஆண்டுக்கு 80,000 ரூபாய் வரை உதவி பெற்று வந்துள்ளனர். அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்து விண்ணப்பிப்பது அவசியம்.

மூன்றாவது வழி, ஊரை விட்டுப் போகாமலே தொடங்கக்கூடியது. உள்ளூர்க் கல்லூரியில் பி.எஸ்ஸி. பயில்வோரும் கோடை விடுமுறையில் இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியின் கீழ் ஆராய்ச்சி செய்ய, நாட்டின் மூன்று அறிவியல் அகாதமிகள் இணைந்து உதவித்தொகை அளிக்கின்றன. இறுதி நாள் பெரும்பாலும் முந்தைய ஆண்டின் பிற்பகுதியிலேயே வந்துவிடும் என்பதால் கல்லூரி திறந்தவுடனே விழிப்பாக இருக்க வேண்டும். சென்னை தரமணியில் 1962இல் நிறுவப்பெற்ற கணித அறிவியல் நிறுவனத்தில், கணிதத்தோடு கணிப்பு உயிரியலும் ஒரு துறையாகவே இயங்குகிறது என்பதையும் நினைவில் கொள்க.

அமெரிக்காவிலும் 2003இல் தேசிய ஆராய்ச்சிக் குழு, உயிரியல் மாணவர்க்குக் கணிதம் கூடுதலாக வேண்டும் என்று அறிக்கை தந்தது. அவ்வாண்டுகளில் அந்நாட்டின் தேசிய அறிவியல் அறக்கட்டளை, இளநிலையில் கணிதம் படிப்பவரையும் உயிரியல் படிப்பவரையும் ஒரே ஆராய்ச்சியில் இணைக்கும் திட்டத்துக்கு நிதி வழங்கியது. ஒருவர் அளப்பார், மற்றவர் கணக்கிடுவார். இறுதியில் இருவரும் இரண்டையும் அறிவர். இதற்குப் பெரிய கட்டடம் வேண்டுவதில்லை. இரண்டு துறை ஆசிரியர்கள் ஒரே மேசையில் அமர்ந்தால் போதும்.

எழக்கூடிய ஐயங்கள்

இப்படிப்பு சோறு போடுமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மறைக்காமல் சொல்கிறோம்: இது நீண்ட வழி. பட்டம் முடித்தவுடன் டாக்டரைப் போலப் பலகை மாட்ட முடியாது. பெரும்பாலோர் முனைவர் பட்டம் வரை செல்ல வேண்டும். ஆனால் அந்த ஆண்டுகளில் பெற்றோர் பணம் கட்ட வேண்டியதில்லை. தேசிய அளவிலான தகுதித் தேர்வில் வென்று இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை பெறுவோருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் வழங்கப்படுகிறது. மருந்து நிறுவனங்கள், மருத்துவமனைகளின் ஆய்வுப் பிரிவுகள், தரவுப் பகுப்பாய்வு, கல்லூரி ஆசிரியப் பணி ஆகியவற்றிலும் இத்தகைய பயிற்சி பெற்றோருக்கு இடமுண்டு. எல்லாப் பிள்ளைகளும் இதற்கே வர வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆர்வமுள்ள பிள்ளை, செய்தி தெரியாததால் திரும்பிப் போகக் கூடாது என்கிறோம்.

பெண் பிள்ளையை வெளியூர் அனுப்புவதா என்பது இரண்டாவது ஐயம். மருத்துவ இடம் கிடைத்தால் எந்த ஊருக்கும் அனுப்பச் சித்தமாக இருக்கிறோம். அதே மனம் இதற்கும் வரலாமே! விடுதியும் பாதுகாப்பும் உண்டா என்பதை நேரில் சென்று பார்த்து வர ஜமாஅத் துணை நிற்கும்.

ஆங்கிலம் மூன்றாவது தடை. உருதுவழியிலும் தமிழ்வழியிலும் பயின்ற பிள்ளைகள் பாடத்தில் அல்ல, வினாத்தாளின் மொழியில் தடுமாறுகிறார்கள். பதினோராம் வகுப்பிலேயே தொடங்கினால் இதை வெல்லலாம்.

நாங்கள் முன்வைப்பவை

ஜமாஅத்தின் பொறுப்பாளர்கள் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம்.

ஒன்று: நம் கல்வி நிதி இதுவரை மருத்துவம், பொறியியல் ஆகிய இரண்டுக்கே பெரிதும் வழங்கப்பட்டு வந்தது. அறிவியல் ஆராய்ச்சிப் பட்டப்படிப்பையும் அப்பட்டியலில் சேர்க்க வேண்டும்.

இரண்டு: பத்தாம் வகுப்பு முடிவு வந்தவுடனேயே, குரூப் தெரிவு செய்வதற்கு முன்பாக, பெற்றோர் கூட்டம் நடத்த வேண்டும். நுழைவுத் தேர்வுகளின் விண்ணப்ப நாட்களைப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் எழுத வேண்டும். ஜனாஸா அறிவிப்பும் நிக்காஹ் அறிவிப்பும் எழுதும் பலகையில் இதற்கும் இடம் இருக்கிறது.

மூன்று: நம் பகுதிக் கல்லூரிகளின் கணிதத் துறை, உயிரியல் துறை ஆசிரியர்களை அணுகி, ஆண்டுக்கு ஒரு கணித மாணவரும் ஓர் உயிரியல் மாணவரும் இணைந்து, நம் கிணற்று நீரையோ நம் தொழிலையோ பற்றி ஓர் ஆய்வு செய்ய வேண்டிக்கொள்ள வேண்டும். அதற்கான சிறு செலவை ஜமாஅத் ஏற்கட்டும். அடுத்த ஆண்டு மலரில் அவ்வாய்வு அச்சாகட்டும்.

இது நமக்குப் புதிதன்று. 1919இல் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி எழுந்தபோது இப்பகுதியில் கல்லூரிப் படிப்பு எத்தனை பேருக்கு எட்டியது? மேல்விஷாரத்துத் தோல் வணிகர் நவாப் சி. அப்துல் ஹக்கீம் அவர்களின் பெயரால் 1965இலும், ஆம்பூரில் மஸ்ஹருல் உலூம் என்ற பெயரில் 1969இலும் கல்லூரிகள் எழுந்தன. தோலில் ஈட்டிய பொருளைக் கல்வியில் விதைத்த பெரியோர்கள் அவர்கள். அவர்கள் கட்டடம் கட்டித் தந்தார்கள். அக்கட்டடத்துக்குள் ஆராய்ச்சியை வளர்ப்பது நம் தலைமுறையின் பொறுப்பு.

இறுதியாக ஒரு செய்தி. நாங்கள் விடை சொல்லாமல் அனுப்பிய அந்த மாணவி, இப்போது உள்ளூர்க் கல்லூரியில் பி.எஸ்ஸி. கணிதம் பயில்கிறார். உயிரியல் புத்தகங்களை அவர் இன்னும் எடைக்குப் போடவில்லை என்று தந்தையார் சொன்னார். கோடைக்கால ஆராய்ச்சி உதவித்தொகைக்கான விண்ணப்பத்தை இவ்வாண்டு அவருடன் சேர்ந்து நிரப்ப எங்கள் குழு உறுப்பினர் ஒருவர் பொறுப்பேற்றிருக்கிறார். கிடைக்குமா என்பது அல்லாஹ்வின் நாட்டம். இம்முறை நாள் தவறாது என்பதை மட்டும் நாங்கள் உறுதியாகச் சொல்கிறோம், இன்ஷா அல்லாஹ்.

நம் பிள்ளைகளின் அறிவை அல்லாஹ் பயனுள்ளதாக ஆக்குவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.